விடைத்தாளைப் படிக்க ஆசிரியருக்கு நேரம் வேண்டும்

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இக்கு மாறியது குறித்து நிறையப் பேசியாகிவிட்டது. பாடநூலின் கடினம், ஆங்கிலவழியின் சுமை, தேர்ச்சி விகிதம் என எல்லாக் கோணத்திலும் விவாதம் நடந்தது. 2025இல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதன்முறையாக சிபிஎஸ்இ பொதுத்தேர்வையும் எழுதிவிட்டார்கள். இத்தனை பேச்சிலும் போதிய கவனம் பெறாதது மதிப்பீடு. 2024-25 முதல் 9 முதல் 12 வரையிலான வகுப்புகளின் வினாத்தாளில் பாதி, திறன்சார் வினாக்களாக இருக்க வேண்டும் என்பது சிபிஎஸ்இயின் விதி. படித்ததை அப்படியே எழுதிவைத்தால் அந்தப் பாதியில் மதிப்பெண் கிடைக்காது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமப் பள்ளிகளில் நீண்டகாலம் பணியாற்றிய ஆசிரியர்களோ பாடத்தின் பின்னுள்ள பயிற்சி வினாக்களுக்கும் விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்துவதற்கும் பழகியவர்கள். அவர்களுக்கு இப்போது மிகவும் தேவைப்படும் பணியிடைப் பயிற்சி ஒன்று உண்டு. பிள்ளையின் தவறான விடையை வைத்து அவன் எப்படி யோசித்தான் என்று கண்டறியும் பயிற்சி அது. அதை அந்தந்தக் கொம்யூனுக்குள்ளேயே, பள்ளி வேலைநேரத்திலேயே கொடுக்க வேண்டும்.

42இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளை, கவனக்குறைவாக இருந்தான் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவன் ஒரு விதியைப் பின்பற்றியிருக்கிறான்: 2இலிருந்து 7 போகாது, ஆகவே 7இலிருந்து 2ஐ எடுத்துவிடலாம். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டி ஏழில் இரண்டு என்று எழுதும் பிள்ளையும், 0.5ஐ விட 0.125 பெரியது என்று சொல்லும் பிள்ளையும் இப்படித்தான். இலக்கம் கூடினால் எண் பெரிது என்பது முழு எண்களில் சரியாக இருந்த விதி. அதைத் தசமத்துக்கும் கொண்டுவந்துவிட்டான். மதிப்பெண் பதிவேட்டில் இவர்கள் எல்லோருக்கும் ஒரே சுழியம்தான். முதலாமவனுக்குக் கடன்வாங்கிக் கழிப்பதைக் குச்சிக்கட்டுகளை வைத்து மீண்டும் காட்ட வேண்டும். மூன்றாமவனுக்கு இடமதிப்பு வேண்டும். பாகூரிலும் வில்லியனூரிலும் இதோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. வீட்டில் தமிழ் பேசி, கணக்கை ஆங்கிலப் புத்தகத்தில் படிக்கும் பிள்ளை வாக்கியக் கணக்கில் தோற்றால், தோற்றது கணக்கிலா ஆங்கிலத்திலா? அதே கேள்வியைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் விடை தெரிந்துவிடும். அந்த இரண்டு நிமிடச் சோதனை செய்யப்படாததால், கணக்கு நன்றாக வரும் எத்தனையோ பிள்ளைகள் மெல்லக் கற்போர் பட்டியலில் ஏறிவிடுகிறார்கள் என்று அஞ்சுகிறேன். கிராமப் பள்ளிக்கு அதைவிடப் பெரிய இழப்பு வேறில்லை.

தரவு தானே, மேலிருந்து நிறைய வருகிறதே என்று கேட்கலாம். 2017, 2021 ஆண்டுகளில் தேசிய அடைவு ஆய்வு நடந்தது. அடுத்து 2024 டிசம்பர் 4 அன்று தேசிய மதிப்பீட்டு அமைப்பான பரக் 3, 6, 9ஆம் வகுப்புகளில் ஓர் ஆய்வை நடத்தியது. மாதிரிப் பள்ளிகளை எடுத்து மாவட்டத்தின் நிலையைச் சொல்வதற்காக வடிவமைக்கப்பட்ட ஆய்வுகள் இவை. அந்த வேலைக்கு அவை தேவைதான். ஆனால் புதுச்சேரி மாவட்டத்தின் சராசரியில் நகரத்துத் தனியார் பள்ளியும் கூடப்பாக்கத்து அரசுப் பள்ளியும் கலந்துவிடுகின்றன. கிருமாம்பாக்கத்தில் ஆறாம் வகுப்பு எடுப்பவர் நாளைக் காலை எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு அந்த அறிக்கையில் ஒரு வரியும் கிடைக்காது. அதைச் சொல்லக்கூடிய தரவு அவருடைய வகுப்பிலேயே, திருத்திக் கட்டிவைத்த விடைத்தாள்களில் இருக்கிறது. அதைப் படிக்கவும் பயிற்சி வேண்டும். பன்னிரண்டு பேர் உள்ள வகுப்பில் ஒரே ஒரு பிள்ளையின் தேர்ச்சியோ தோல்வியோ விகிதத்தை எட்டுப் புள்ளி நகர்த்திவிடும். அறுவடை வேலைக்கு அம்மாவோடு போய்விட்ட இருவர் தேர்வுக்கு வராமலிருந்தால் அந்த மாத ‘வீழ்ச்சி’ பாதி பொய். எண்ணிலிருந்து எதை முடிவுகட்டக் கூடாது என்பதைத் தெரிந்திருப்பதும் தரவறிவின் பாதி.

தேர்வுகளைக் கூட்டினால், முடிவுகளை அச்சிட்டுக் கையில் கொடுத்தால் ஆசிரியர் தானாகச் சரிசெய்துகொள்வார் என்ற நம்பிக்கை இந்தியாவில் இரண்டு முறை முறையாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆந்திரக் கிராமப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. மாணவர் எங்கெங்கே பின்தங்கியிருக்கிறார் என்ற விரிவான அறிக்கை நூறு பள்ளிகளின் ஆசிரியர்களுக்குத் தரப்பட்டது. பார்வையாளர் வந்தபோது அவர்கள் கூடுதல் முயற்சியோடு கற்பித்தார்கள். ஆண்டு முடிவில் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் மாற்றமில்லை. ஹரியாணாவில் முழுமையான தொடர் மதிப்பீட்டு முறையைச் சோதித்த ஆய்வு 2020இல் வந்தது. அதுவும் பயனில்லை என்றே சொன்னது. ஆனால் அதே ஹரியாணாவில், பிள்ளைகளின் வாசிப்பு நிலையைப் பார்த்து, வகுப்பைக் கலைத்து, நாளின் ஒரு பகுதியில் அவரவர் நிலைக்கேற்ற குழுவில் உட்காரவைத்துக் கற்பித்தபோது இந்தி வாசிப்பு உயர்ந்தது. கணிதம் உயரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கண்டுபிடித்ததற்கும் அடுத்துச் செய்வதற்கும் இடையே பாலம் இருந்த இடத்தில் மட்டும் மதிப்பீடு வேலை செய்திருக்கிறது. கணிதத்தில் அந்தப் பாலத்தைக் கட்டுவது கடினம். தவறுகளின் வகை அங்கே அதிகம்.

ஆந்திர ஆய்வை வைத்தே எதிர்வாதம் ஒன்றை எழுப்ப முடியும். மாணவர் முன்னேற்றத்துக்கு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்ட பள்ளிகளில், அந்த அறிக்கை பயனுள்ளது என்று சொன்ன ஆசிரியர்களின் மாணவர்கள் முன்னேறியிருந்தார்கள். அப்படியானால் பயிற்சியை விடப் பணம்தானே முக்கியம்? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அறிக்கையில் பயன்படுத்தத்தக்க விஷயம் இருந்தது, பயன்படுத்துவதற்கான காரணம்தான் பல பள்ளிகளில் இல்லை என்பதே இதன் பொருள். ஆனால் ஆசிரியரே நடத்தித் திருத்தும் தேர்வில் பணத்தையோ தண்டனையையோ கட்டும் முன், அதில் பதிவாகும் மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம் என்று கேட்க வேண்டும். இதற்கு மத்தியப் பிரதேசம் சாட்சி. அங்கே அரசுத் தேர்வில் பதிவான மதிப்பெண்ணை, அதே கேள்விகளைக் கொடுத்துத் தனியாகச் சோதித்துப் பார்த்தார் ஆய்வாளர் அபிஜீத் சிங். பதிவேட்டில் இருந்தது உண்மை நிலையை விட மிக அதிகம். பயத்திலோ பழக்கத்திலோ ஏற்றிப் போட்ட மதிப்பெண்ணை வைத்து எந்தப் பிள்ளைக்கும் உதவ முடியாது. ஆகவே வகுப்பறை மதிப்பீட்டின் எண்கள் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தவும் ஆசிரியரிடம் விளக்கம் கேட்கவும் பயன்படாது என்று கல்வித்துறை எழுத்துப்பூர்வமாக உறுதி தர வேண்டும். அந்த உறுதி இல்லாமல் தொடங்கும் பயிற்சி முதல் மாதத்திலேயே தோற்கும்.

பயிற்சிகள் ஏற்கெனவே நடக்கின்றனவே என்பது அடுத்த ஆட்சேபம். நடக்கின்றன. 2019இல் தொடங்கிய நிஷ்தா, தீக்‌ஷா தளத்தின் பாடங்கள் என்று வரிசையாக உண்டு. தேசியக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி கேட்கிறது, சிபிஎஸ்இயும் அதையே விதித்திருக்கிறது. அந்த 50 மணியில் பாதியைப் பள்ளி அளவிலேயே முடித்துக்கொள்ளலாம் என்று சிபிஎஸ்இ சொல்லியிருப்பதுதான் இங்கே நமக்குக் கிடைத்த வாய்ப்பு. காணொளியைப் பார்த்து, கடைசியில் நான்கு கேள்விக்குப் பதில் சொல்லிச் சான்றிதழை இறக்கிக்கொள்ளும் பயிற்சியில் யாருடைய மாணவரின் நோட்டும் திறக்கப்படுவதில்லை. மாறாக, அந்த 50இல் 20 மணியை எடுத்து, கல்வியாண்டில் பத்து முறை, முறைக்கு இரண்டு மணி நேரம் என்று வைக்கலாம். சேலியமேடு, குருவிநத்தம் போன்ற அக்கம்பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் ஒரே பாடம் எடுப்பவர்கள் தங்கள் வகுப்பின் விடைத்தாள் கட்டோடு ஓரிடத்தில் கூட வேண்டும். எந்தத் தவறு எத்தனை பேருக்கு வந்திருக்கிறது, ஏன் வந்திருக்கும், அடுத்த வாரம் யார் என்ன செய்து பார்ப்பது என்று முடிவெடுத்து, அடுத்த கூட்டத்தில் அதன் பலனைச் சொல்ல வேண்டும். பயிற்றுநர் விரிவுரை நடத்தத் தேவையில்லை. கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் போதும். திறன்சார் வினாக்களை எழுதிப் பழகவும் இதே கூட்டம் உதவும், ஏனென்றால் எந்தத் தவறான தெரிவைக் கொடுத்தால் பிள்ளையின் குழப்பம் வெளிப்படும் என்பது தவறுகளை வகைபிரித்தவருக்கே தெரியும். எல்லையைத் தாண்டினால் கடலூர், விழுப்புரம் மாவட்டப் பள்ளிகள். அங்கே 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்த அனுபவம் உள்ள ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பாடத்திட்டம் வேறு என்பதற்காக அவர்களிடம் கேட்டுக் கற்காமல் இருக்க வேண்டியதில்லை.

வேலைப்பளு பற்றிய புகாரில் முழு நியாயம் இருக்கிறது. வாக்காளர் பட்டியல், கணக்கெடுப்பு, செயலியில் பதிவேற்றம் என்று ஏற்கெனவே மூச்சுமுட்டும் ஆசிரியரிடம் இன்னொரு படிவத்தைக் கொடுத்தால் அவர் அதை நிரப்பித் தருவார், படிக்கமாட்டார். எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் தமிழ்நாட்டு ஆசிரியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்தது செயலிப் பதிவுகளைத்தான். அதனால் இந்தக் கூட்டங்களிலிருந்து எந்த அறிக்கையும் மேலே போகக் கூடாது. ஆசிரியரின் கையில் ஒரு சாதாரண நோட்டு, அதில் பிள்ளையின் பெயருக்கு எதிரே தவறின் வகை. அது அவருடைய வேலைக்கருவி, அலுவலகத்தின் கோப்பு ஆகாது. மாதாந்திர மதிப்பெண் பதிவேற்றங்களில் யாரும் திறந்துபார்க்காதவை எவை என்று துறை கண்டறிந்து நிறுத்தினால், அந்த இரண்டு மணி நேரத்தின் பெரும்பகுதி அங்கேயே கிடைத்துவிடும்.

காலிப்பணியிடம் உள்ள பள்ளியில் ஒருவர் இரண்டு மணி நேரம் வெளியே போனால் வகுப்பை யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பயிற்சித் திட்டத்தால் பதில் சொல்ல முடியாது. பணியிடத்தை நிரப்புவதே பதில். அதுவரை, ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகளுக்குக் கூட்டம் நடக்கும் பிற்பகலில் மாற்று ஆசிரியரை அனுப்ப ஒரு சுழற்சிப் பட்டியல் போட வேண்டும். புதுச்சேரி போன்ற சின்ன நிலப்பரப்பில் வில்லியனூரிலிருந்து பாகூருக்கு ஆளனுப்புவது அசாத்தியமான காரியம் ஒன்றுமில்லை. வரும் கல்வியாண்டில் இரண்டு கொம்யூன்களிலும் ஆறாம் வகுப்புக் கணிதத்தை மட்டும் எடுத்துத் தொடங்கலாம். தொடக்கப்பள்ளியின் இடைவெளிகள் எல்லாம் வந்து குவியும் வகுப்பு அது. ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வெளியாள் ஒருவர் அதே பிள்ளைகளைச் சோதித்து, பலன் இருக்கிறதா என்று பார்க்கட்டும். இல்லையென்றால் அதையும் மறைக்காமல் வெளியிட்டு, கூட்டத்தின் முறையை மாற்றியமைக்க வேண்டும்.