நாலரை கிலோமீட்டர் கிழக்கே ஒரு சென்னை

பழைய நகர வரைபடங்களைப் பற்றிப் படித்தவர்களிடையே ஒரு கருத்து வேரூன்றிவிட்டது. அந்தக் காலத்துப் படங்கள் அழகானவை, அரியவை, ஆனால் துல்லியமானவை அல்ல; நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து பாதுகாத்தால் போதும் என்பது அது. அவற்றை இன்றைய அட்சரேகை, தீர்க்கரேகையோடு பொருத்திச் செயற்கைக்கோள் படத்தின் மேல் விரிப்பது, இல்லாத துல்லியத்தை இருப்பதாகக் காட்டும் வேலை என்கிறார்கள். ஜியோரெஃபரன்சிங் எனப்படும் இந்தப் பணியை இப்படி எதிர்ப்பவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். அவசரத்தில் தப்பும் தவறுமாகப் பொருத்தப்பட்ட படங்களை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. அந்த உண்மையிலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவைத்தான் ஏற்க முடியவில்லை.

துல்லியம் இல்லை என்பது முதல் குற்றச்சாட்டு. எவ்வளவு பிழை, எந்தத் திசையில், படம் முழுவதிலுமா ஒரு மூலையில் மட்டுமா என்று சொல்லாதவரை அது வெறும் மனப்பதிவுதான். விடை வேண்டுமென்றால் பழைய படத்தைத் தெரிந்த நிலத்தின் மேல் வைத்துப் பார்த்தாக வேண்டும். சென்னையையே எடுத்துக்கொள்வோம். நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையே நெடுங்காலம் இந்திய நில அளவைக்கு ஆதாரமாக இருந்தது. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே 40,006 அடி நீள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து வளர்ந்த முக்கோண அளவையில் ஊருக்கும் ஊருக்கும் உள்ள தூரங்கள் வியக்கத்தக்க நுட்பத்தோடு எடுக்கப்பட்டன. ஆனால் வானாய்வகம் கிரீன்விச்சுக்கு எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்ற ஓர் எண்ணில் மட்டும் பிழை இருந்தது. 80 பாகை 17 நிமிடம் 21 விநாடி என்று வைத்துக்கொண்டு பல தாள்களை அச்சிட்டார்கள். தந்தி வந்து, தொலைதூர இடங்களின் நேரத்தை உடனுக்குடன் ஒப்பிட முடிந்த பிறகுதான் அந்த எண் ஏறத்தாழ 2 நிமிடம் 27 விநாடி கூடுதல் என்று உறுதியாயிற்று. சென்னை இருக்கும் அட்சரேகையில் அது கிட்டத்தட்ட நாலரை கிலோமீட்டர். அந்தத் தாள்களின் ஓரத்தில் அச்சான எண்களை அப்படியே நம்பிப் பொருத்தினால் நுங்கம்பாக்கம் வானாய்வகம் மெரினாக் கரையில் போய் நிற்கும். மயிலாப்பூர்த் தெப்பக்குளம் கடலுக்குள் போய்விடும்.

இதைவிடப் பெரிய பிழை வேண்டுமா என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். ஆனால் இந்தப் பிழை தாள் முழுவதற்கும் ஒரே அளவு, ஒரே திசை. தாளை மேற்கே ஒருமுறை நகர்த்தினால் தீர்ந்தது. அந்தத் தாள்கள் பூமியின் வடிவத்துக்கு நில அளவையாளர் ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த அளவுகளைக் கொண்டவை. ஜிபிஎஸ் வேறு அளவுகளைக் கொண்டது. அதனாலும் ஒரே இடத்தின் எண்கள் நூறு மீட்டருக்கு மேல் விலகும். அந்த விலகலுக்கும் வாய்ப்பாடு உண்டு. இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சும் பிழைதான் அந்த நில அளவையாளருடைய பிழை. அது பெரும்பாலும் பழிச்சொல்லுக்குரிய அளவில் இருப்பதில்லை. மூன்றையும் பிரிக்காமல் ‘துல்லியமற்றது’ என்ற ஒரே சொல்லில் கட்டிவைப்பதுதான் உண்மையான அநீதி.

பழைய படத்தைப் புதிய அளவையின் மேல் வைத்துச் சோதிப்பது கணினிக்காரர்கள் கொண்டுவந்த மோகம் என்றும் சிலர் நினைக்கிறார்கள். ஆனால் கணினிக்கு வெகுமுன்பே ஜியாம்பத்திஸ்தா நொல்லி 1736இல் ரோம் நகரை அளக்கத் தொடங்கி, 1748இல் 12 செப்புத் தகடுகளில் தன் பெரிய வரைபடத்தை வெளியிட்டார். அதோடு சேர்த்து, லியோனார்டோ பூஃபலினி 1551இல் வெளியிட்ட ரோம் வரைபடத்தையும் சிறிதாக்கி மறுபதிப்புச் செய்தார். இருநூறு ஆண்டு இடைவெளியை வாசகர் கண்ணெதிரே வைப்பது அளவையாளரின் கடமை என்று அவர் கருதியிருக்க வேண்டும். லண்டனுக்கு ஜான் ராக் 1746இல் 24 தாள்களில் வெளியிட்ட வரைபடத்தை நம் காலத்தில் பொருத்தியவர்கள், அதை நேரே இன்றைய நகரத்தின் மேல் போட்டுவிடவில்லை. இடைப்பட்ட காலத்தில் தெருக்களே மாறியிருந்தன. முதலில் பிரிட்டிஷ் அரசின் அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுத்த தாளோடு பொருத்தி, அந்தத் தாள் வழியாக இன்றைக்கு வந்தார்கள். 1746க்கும் 1870களுக்கும் பொதுவாக மிஞ்சிய தெருமூலைகள், இன்று மிஞ்சியிருப்பவற்றைவிட மிக அதிகம். இப்படிப் படிப்படியாக இறங்கிவரும் பொறுமையை ஏமாற்று என்று யாரும் சொல்ல முடியாது.

எவ்வளவு துல்லியம் போதும் என்பது கேட்கப்படும் கேள்வியைப் பொறுத்தது. நுங்கம்பாக்கம் ஏரியும் மாம்பலம் ஏரியும் சேர்ந்து, சென்னை நகரத்தின் மேற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை பல கிலோமீட்டர் நீண்டு கிடந்தன. 1920களில் மாம்பலம் ஏரியை வடித்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இந்த நகரத்தில் எந்தத் தெரு எந்த ஏரியின் வயிற்றில் இருக்கிறது என்ற கேள்வி கல்விக்கூடங்களை விட்டு வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு 30 மீட்டர் பிழையுள்ள பழைய படம் தாராளமாகப் போதும். ஏரிக்கரையை ஒட்டிய இரண்டு மனைகளின் எல்லை வழக்குக்கு அதே படம் போதாது. அங்கே சர்வே கல்லும் புலப்படமும் பேச வேண்டும். ஒரு கருவி எல்லாக் கேள்விக்கும் பொருந்தாது என்பதால் எந்தக் கேள்விக்கும் பொருந்தாது என்று ஆகிவிடாது.

ஸ்கேன் மட்டும் போதும் என்பதும் அவர்கள் நினைப்பது போல் நடுநிலையான யோசனை அல்ல. காகிதம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளத்தில் ஒரு விகிதம், அகலத்தில் வேறு விகிதம். 60 செ.மீ. தாள் ஒரு சதவீதம் சுருங்கினால் 6 மி.மீ.; 1:10,000 அளவில் அது நிலத்தில் 60 மீட்டர். ஸ்கேனரின் நுட்பம் எவ்வளவு உயர்ந்தாலும் இந்தச் சுருக்கம் அப்படியே பதிவாகும். பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. மடிப்புத் தேய்ந்த இடமும், தைத்துக் கட்டிய ஏட்டின் முதுகில் வளைந்த ஓரமும் அப்படியே. நிலத்தோடு பொருத்தும்போதுதான் இவை ஒவ்வொன்றாக வெளிப்படுகின்றன. தேடிக் கண்டடைவதிலும் வேறுபாடு பெரிது. ஆவணக்காப்பகப் பட்டியலில் படங்கள் தலைப்பாலும் ஆண்டாலும் அடுக்கப்பட்டிருக்கும். மவுண்ட் ரோடு அண்ணா சாலையான ஊரில் பெயரை வைத்துத் தேடுபவர் பாதியைத் தவறவிடுவார். இடத்தோடு பொருத்திய தாளோ, பெயர் எத்தனை முறை மாறினாலும் அந்த இடத்தைத் தொட்டவுடன் எழுந்து வரும். இதற்கெல்லாம் ஆள் எங்கே என்பவர்களுக்கு ஒரு தகவல்: பிரிட்டிஷ் நூலகம் 2012இல் இந்தப் பணியைப் பொதுமக்களிடம் திறந்துவிட்டபோது ஒரு வாரத்துக்குள் 700க்கும் மேற்பட்ட படங்களைத் தன்னார்வலர்கள் பொருத்தி முடித்தார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. பழைய படத்தை ரப்பர் தாள்போல இழுத்து, குறித்த புள்ளிகள் எல்லாவற்றிலும் உட்காரவைக்கும் கணித முறைகள் உண்டு. மென்பொருள் உடனே பிழை பூச்சியம் என்று காட்டும். மூன்றே புள்ளிகளை வைத்து எளிய நேரியல் முறையில் பொருத்தினாலும் பூச்சியம்தான் வரும், ஏனென்றால் சரிபார்க்க நாலாவது புள்ளி இல்லை. இந்தப் பூச்சியத்தைத் துல்லியம் என்று விற்பவர்களைக் கண்டு அவர்கள் கோபப்படுவது முற்றிலும் நியாயம். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இது செய்முறையின் குற்றம். மாற்று வழி தெரிந்ததுதான். தேவைக்கு அதிகமான புள்ளிகளை எடுத்து, படத்தைக் கோணலாக்காத எளிய உருமாற்றத்தைப் பயன்படுத்தி, ஒவ்வொரு புள்ளியிலும் மிஞ்சும் பிழையைப் பட்டியலாக வெளியிட வேண்டும். மேப்அனலிஸ்ட் போன்ற மென்பொருள்கள் படத்தைத் தொடாமலே அதன் மேல் ஒரு கட்ட வலையை வரைந்து, எந்த மூலையில் வலை நெளிகிறது என்று காட்டும். எந்தப் பகுதியை அளந்தார்கள், எதைக் கேட்டறிந்து நிரப்பினார்கள் என்ற ஐயம் அந்த நெளிவிலிருந்துதான் பிறக்கும். வரலாற்றாய்வாளர் அங்கிருந்து வேலையைத் தொடங்கலாம்.

புள்ளிகளைத் தேர்வதற்கு ஊரின் வரலாறு தெரிந்திருக்க வேண்டும். அதைக் கணினி தராது. சென்னையில் கடற்கரையைப் புள்ளியாக எடுப்பவர் தொடக்கத்திலேயே தவறுவார். 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கியபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரித்தது. புனித ஜார்ஜ் கோட்டையின் வெளிமதிலும் பதினெட்டாம் நூற்றாண்டில் விரிவாக்கப்பட்டது. சாந்தோம் தேவாலயம் அதே பெயரில் நின்றாலும் இன்றைய கட்டடம் 1896இல் முடிந்தது. மாறாக, கோட்டைக்குள் 1680இல் திறக்கப்பட்ட தூய மரியாள் தேவாலயம் அதே இடத்தில் இருக்கிறது. 1773 தேதியிட்ட எல்லைத் தூண் ஒன்று பாரிமுனையில் இன்னும் நிற்கிறது. வானாய்வகத்தின் கருங்கல் தூணும், தமிழ் எழுத்துகளோடு, நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது.

காலனியப் படங்கள் ஆட்சியாளருக்கு வேண்டியதை மட்டுமே காட்டின. அவற்றை இன்றைய நிலத்தில் ஒட்டுவது அந்தப் பார்வைக்கு மறுவாழ்வு தருவதாகாதா என்றும் கேட்கிறார்கள். மதிக்கத்தக்க கேள்வி. ஆனால் படத்தில் வெறுமையாக விடப்பட்ட இடத்தை வரிப் பதிவோடும் கோயில் ஆவணத்தோடும் ஒப்பிட, அந்த இடம் எங்கே என்று முதலில் தெரிய வேண்டும். கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரத்தையே பார்க்கலாம். 1746 முதல் 1749 வரை ஊரைப் பிடித்துவைத்திருந்த பிரெஞ்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும், கோட்டைக்கு முன் திறந்தவெளி வேண்டுமென்று அதை இடித்துத் தள்ளினார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போயிற்று. பிறகு பூக்கடைப் பக்கம் புதிதாகக் கட்டப்பட்டது. பழைய ஊர் கிடந்த மண்ணில் இன்று உயர் நீதிமன்ற வளாகம் இருக்கிறது. கோயில் எங்கே நின்றது என்று அறிய, 1733ஆம் ஆண்டு வரைபடத்தை, அன்றும் இன்றும் மாறாத புள்ளிகளில் ஊன்றி அந்த வளாகத்தின் மேல் விரிக்க வேண்டும். விடை ஒரு புள்ளியாக வராது, வட்டமாக வரும். அந்த வட்டம் எத்தனை மீட்டர் என்பதையும் படத்தின் மேலேயே எழுதிவைத்தால், அடுத்து வருபவர் வட்டத்துக்குள் தேடத் தொடங்கலாம்.