சோதனை எலி, சோதனை எலின்னு கூவுறவங்களுக்கு...

போன மாசம் சொந்தக்காரங்க வீட்டு வளைகாப்பு. பந்தியில பக்கத்துல உக்காந்த மாமா ஆரம்பிச்சார். "உங்க பெரியப்பா பொண்ணு இன்னும் அந்த ஆராய்ச்சியத்தான் கட்டிக்கிட்டு அழுவுறாளா? எம்.எஸ். வரைக்கும் படிச்சுட்டு, சொந்தமா ஒரு கிளினிக் போட்டிருந்தா இந்நேரம் ரெண்டு வீடு கட்டியிருக்கலாம்."

எதிர்ல இருந்த இன்னொருத்தர் விடல. "வெவரம் தெரியாமப் பேசாதீங்க மாப்ள. கம்பெனிக்காரன் மருந்த ஏழை ஜனங்க மேல போட்டுப் பாக்குற வேலை அது. சோதனை எலி பிடிச்சுக் குடுக்குற புரோக்கர் வேலை."

ரசஞ்சோத்துல கைய வெச்சுக்கிட்டு வாய மூடிட்டு இருந்தேன். பந்தியில சண்டை போட்டா அம்மா கிட்ட யாரு திட்டு வாங்குறது? பதிவுல போடலாம், கேக்க ஆளில்ல. அதான் இது.

முதல்ல அக்கா என்ன வேலை பாக்குறாங்கன்னு சொல்லிடறேன். கண் டாக்டர். யுவியைட்டிஸ்ங்கிற நோய்ல சிறப்புப் பயிற்சி எடுத்தவங்க. கண்ணுக்கு நடு அடுக்குல வர்ற அழற்சி அது. சிலருக்கு காசநோய் மாதிரி கிருமியால வரும். சிலருக்கு நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே நம்ம கண்ணை எதிரின்னு நெனச்சு அடிக்கும். கவனிக்காம விட்டா பார்வை போயிடும். இந்த நோய்க்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மாசம்னு கண்டுபிடிக்கிற மருத்துவ ஆய்வுகள்ல அக்கா வேலை பாக்குறாங்க.

இதுல எனக்கென்ன வந்துச்சுன்னு கேப்பீங்க. என் வலது கண்ணு வந்துச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடி. கண்ணு செவசெவன்னு ஆச்சு, மானிட்டர் வெளிச்சத்தைப் பாத்தாலே குத்துச்சு. ரூம்மேட் பாத்துட்டு "மெட்ராஸ் ஐ"ன்னு தீர்ப்பு சொன்னான். தெருமுனை மெடிக்கல் ஷாப்ல ஒரு சொட்டு மருந்து குடுத்தாங்க. ரெண்டு நாள்ல சிவப்பு போச்சு, நிறுத்திட்டேன். திரும்ப வந்துச்சு, திரும்ப வாங்கினேன். இப்படியே மூணு மாசம். பார்வை மங்கலானப்புறம்தான் அக்காவுக்கு போன் போட்டேன்.

"பூளை தள்ளுதா?"ன்னாங்க. இல்லன்னேன். "காலைல எந்திரிச்சா முதுகு இறுக்கிப் பிடிக்குதா?" ஆமான்னேன். கண்ணைப் பத்திப் பேசும்போது முதுகு எங்க வந்துச்சுன்னு எனக்குப் புரியல. "டேய், இது மெட்ராஸ் ஐ இல்ல. இன்னிக்கு ராத்திரியே பஸ் ஏறு"ன்னாங்க.

போய்ப் பாத்தா கண்ணு பாப்பா உள்ள இருக்கிற லென்ஸோட ஒட்டிக்கிச்சு. எச்.எல்.ஏ. பி27ன்னு ஒரு மரபுக்கூறு இருக்கிறவங்களுக்கு முதுகெலும்பு மூட்டும் கண்ணும் சேந்து அழற்சி ஆகலாமாம். வாலிபப் பசங்களுக்கு அதிகம் வர்றது. அந்த மெடிக்கல் ஷாப் சொட்டுல ஸ்டீராய்டு இருந்திருக்கு. அழற்சிய அப்பப்ப அமுக்கியிருக்கு, தீத்து வெக்கல. கண்காணிப்பு இல்லாம அதை ஊத்திக்கிட்டே இருந்தா கண் அழுத்தம் ஏறும், கேட்ராக்ட் வரும். இப்ப பார்வை பரவாயில்ல. ஆனா பாப்பா வட்டமா இல்ல, சாவித்துவாரம் மாதிரி கோணலா இருக்கு. கிட்ட வந்து பாத்தாத் தெரியும்.

இப்ப சொல்லுங்க அண்ணாச்சி, அந்த மூணு மாசம் நான் யாரு? சோதனை எலிதானே? கையெழுத்து இல்ல, கணக்கு இல்ல, கண் அழுத்தம் அளக்க ஆள் இல்ல, தப்பா போனா நிறுத்தச் சொல்ல ஒரு கமிட்டி இல்ல. என் கண்ணுல என்ன ஆச்சுங்கிற விவரம் அடுத்த நோயாளிக்கு உதவப் போறதும் இல்ல. இந்தச் சோதனை நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு தினமும் நடக்குது. இதை எதிர்த்து ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு வந்து நான் பாத்ததில்ல.

அக்கா பண்றது இதுக்கு நேர் எதிர். ஸ்லிட் லேம்ப்ல ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வெளிச்சத்தைக் கண்ணுக்குள்ள அடிச்சு, அந்த வெளிச்சத்துல மெதக்குற அழற்சி செல்களை எண்ணணும். 6லேருந்து 15 இருந்தா ஒண்ணு. 16லேருந்து 25 இருந்தா ரெண்டு. 50க்கு மேல போனா நாலு. இந்த அளவுகோலை உலகத்துல பல நாட்டு டாக்டருங்க உக்காந்து பேசி 2005ல வெளியிட்டாங்க. அதுக்கு முன்னாடி ஒரு ஆஸ்பத்திரியோட "லேசான அழற்சி"யும் இன்னொரு ஆஸ்பத்திரியோட "லேசான அழற்சி"யும் ஒண்ணில்ல. பொட்டி தட்டுற நம்ம ஆளுங்களுக்குப் புரியும். ஆளுக்கு ஒரு அர்த்தத்துல "கிரிட்டிகல்"னு பக் போட்டா ரிலீஸ் என்ன லட்சணத்துல போகும்?

"கம்பெனிக்காரன் மருந்து"ங்கிற வாதத்துக்கு வருவோம். யுவியைட்டிஸுக்கு ஸ்டீராய்டைக் குறைக்கறதுக்காகக் குடுக்குற மாத்திரைகள்ல ரெண்டு முக்கியமானது: மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபினோலேட். ரெண்டுமே பழசு. முதலாவது விலை கம்மி, ரெண்டாவது விலை ஜாஸ்தி. ரெண்டாவதுதான் ஒசத்தின்னு நெறய டாக்டருங்க நம்பினாங்க. ரெண்டையும் நேருக்கு நேர் மோத விட்டுப் பாக்கறதுல எந்தக் கம்பெனிக்கு என்ன லாபம்? அமெரிக்க அரசோட தேசியக் கண் நிறுவனம் காசு குடுத்து அந்த ஆய்வு நடந்துச்சு. இந்தியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, சவூதி, மெக்ஸிகோன்னு 9 மையம், 216 நோயாளிகள். அழற்சிய அளந்த டாக்டருக்கு யாரு எந்த மாத்திரை சாப்பிடுறாங்கன்னு தெரியாது. 2019ல முடிவு வந்துச்சு. ஆறு மாசத்துல மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிட்டவங்கள்ல 66.7 சதவீதம் பேருக்கு வெற்றி, மைக்கோஃபினோலேட்ல 57.1 சதவீதம். புள்ளியியல்படி பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது. ஆனா விலை ஒசந்தது ஒசத்தி இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு.

தினக்கூலிக்குப் போற ஒருத்தர் மாசாமாசம் மருந்து வாங்கணும்னா இந்த ஒரு வரி முடிவுக்கு என்ன மதிப்புன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. அந்தக் கட்டுரையோட முதல் பேரு யாருதுன்னு தெரியுமா? மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையோட டாக்டர் எஸ்.ஆர். ரத்தினம். புரோக்கராம்ல, புரோக்கர்!

எலின்னதும் ஞாபகம் வருது. 1993ல மதுரைப் பக்கம் வெள்ளம் வந்து வடிஞ்சப்புறம் திடீர்னு நெறய பேரு கண் அழற்சியோட வந்தாங்க. இதே டாக்டரும் அவங்க கூட வேலை பாத்தவங்களும் 73 பேரை ஆராய்ஞ்சு, அது எலிக் காய்ச்சல் கிருமியால வந்ததுன்னு 1997ல எழுதினாங்க. எலி மூத்திரம் கலந்த தண்ணியில இறங்கினா வர்ற நோய். லண்டன்ல உக்காந்திருக்கிற டாக்டருக்கு இது தோணுமா? நம்ம ஊர் கண்ணுக்கு என்ன வருதுன்னு நம்ம ஊர்லதான் பாக்கணும். அடாலிமுமாப்னு ஒரு ஊசி, 2016லேருந்து கிருமியால வராத யுவியைட்டிஸுக்கு அமெரிக்காவுல அனுமதி உண்டு. நல்ல மருந்துதான். ஆனா உடம்புல தூங்கிட்டு இருக்கிற காசநோயை எழுப்பி விடும் ஆபத்து அதுக்கு இருக்கு. காசநோய் இவ்வளவு இருக்கிற நாட்டுல வெள்ளைக்காரன் முடிவை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ண முடியுமா? நம்ம ஆளுங்க ஆய்வுல இல்லைன்னா அடுத்தவன் உடம்புல பாத்த முடிவைத்தான் நமக்கும் ஊத்துவாங்க. அப்பதான் நிஜமாவே சோதனை எலி ஆவோம்.

எதிர்க்கட்சி சொல்றதுல உண்மையே இல்லையான்னா, இருக்கு. ஆந்திராவுல கம்மம் மாவட்டத்துல பொண்ணுங்களுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்ட ஆய்வை 2010ல நிறுத்தினாங்க. ஹாஸ்டல் வார்டன்கள் சம்மதக் கையெழுத்து போட்டதை நாடாளுமன்றக் குழு 2013ல கிழிச்சுத் தொங்க விட்டுச்சு. கிழிக்க வேண்டியதுதான். அதனால என்ன பண்ணணும்? சம்மதப் படிவத்தை மனுஷங்க பேசுற தமிழ்ல எழுதச் சொல்லிச் சண்டை போடுங்க. 2009லேருந்து மருந்து ஆய்வுகளைப் பொதுப் பதிவேட்டுல பதிஞ்சே ஆகணும், அதைத் திறந்து பாத்துக் கேள்வி கேளுங்க. 2019 விதிகள்ல இழப்பீடு பத்தி எழுதியிருக்கு, அது ஒழுங்காக் கிடைக்குதான்னு தொரத்துங்க. திருடன் இருக்கான்னு போலீஸ் ஸ்டேஷனையே இடிக்கச் சொல்றது என்ன நியாயம்?

கடைசியா ரெண்டு வீடு மாமாவுக்கு. 255 பேரோட தொடங்கின இன்னொரு ஆய்வு. கண்ணுக்குள்ள வைக்கிற ஸ்டீராய்டு வில்லையா, வாய்வழி மருந்தான்னு போட்டி. ரெண்டு வருஷத்துல பாத்தப்ப பார்வையில பெரிய வித்தியாசம் இல்ல. விடாம ஏழு வருஷம் வரைக்கும் பாத்தாங்க. 2017ல முடிவு வந்தப்ப வாய்வழி மருந்து எடுத்தவங்க பார்வை நல்லா இருந்துச்சு. ரெண்டு வருஷத்தோட கடைய மூடியிருந்தா இது தெரிஞ்சே இருக்காது. ஏழு வருஷம் ஒரே ஆளுங்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, செல் எண்ணி, எழுதி வைக்க ஒருத்தர் வேணும் மாமா. அந்த ஒருத்தருக்கு ரெண்டு வீடு கட்ட நேரம் இருக்காது.

அக்கா இந்த வருஷமும் வாடகை வீட்லதான் இருக்காங்க. அடுத்த பந்தியில அவங்களைப் பத்திப் பேச்சு வந்தா நான் ரசஞ்சோத்தைத் தள்ளி வெச்சுட்டுப் பேசுறதா இருக்கேன். அம்மா திட்டினாப் பாத்துக்கலாம்.

பி.கு. 1: கண்ணு சிவந்து, வெளிச்சம் பாத்தா வலிச்சு, பூளையே தள்ளலைன்னா மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீங்க. கண் டாக்டர் கிட்ட போங்க.

பி.கு. 2: பின்னூட்டத்துல கும்மி அடிக்கலாம், தடையில்ல. "எங்க தாத்தா கண்ணுல தேன் ஊத்தினார், நல்லாதான் இருந்தார்"னு மட்டும் வராதீங்க, ப்ளீஸ் :-)