படிக்கவியலாப் பட்டியலில் விருந்தா?

விருந்து என்னும் சொல்லுக்குத் தமிழில் முதற்பொருள் புதுமை என்பதே. தொல்காப்பியச் செய்யுளியலில் எண்வகை வனப்புகளுள் ஒன்றற்கு இச்சொல்லே பெயராய் நிற்கின்றது. அங்கு அது புதிதாகப் புனையப்படும் செய்யுளைக் குறிக்கும். நம் இல்லத்திற்குப் புதிதாய் வருபவரும் விருந்து. அவர்க்குப் படைக்கும் உணவும் விருந்து. வருபவரையும் படைப்பதையும் ஒரே சொல்லால் அழைத்த இனம் நம் இனம். திருவள்ளுவர் தம் நூலின் ஒன்பதாம் அதிகாரம் முழுவதையும் விருந்தோம்பலுக்கென்றே ஒதுக்கினார். உணவின் சுவையை விட உண்பவரின் உள்ளம் சுருங்காமையே அதில் பெரிதாகப் பேசப்படுகின்றது. விருந்தினர் முகம் வாடினால் அறுசுவை இருந்தும் அது விருந்தாகாது.

இற்றை நாளில் தமிழ்க் குடும்பங்களின் விருந்து இல்லத்தை விட்டு வெளியேறி விட்டது. தந்தைக்கு அறுபதாம் அகவை நிறைவு, பெற்றோர்க்கு ஐம்பதாம் மணநாள், மகள் மருத்துவப் பட்டம் பெற்ற நாள் என்று எதுவாயினும், விடுமுறையில் உதகைக்கோ கோடைக்கானலுக்கோ புதுச்சேரிக்கோ சென்று, அங்குள்ள உயர்நிலை உணவகம் ஒன்றில் அமர்ந்துண்ணும் வழக்கம் பரவியுள்ளது. இதனை யாம் குறை சொல்லவில்லை. நாற்பதாண்டுக் காலம் அடுப்படியில் நின்று பிறர்க்குப் படைத்த தாய், ஒருநாளேனும் அமர்ந்துண்ணப் பிறர் பரிமாறட்டும். உழைத்து ஈட்டிய மகன் தன் பெற்றோர்க்கு அதனைச் செய்வது கடமையுமாகும். ஆனால், சமையலை உணவகத்தாரிடம் ஒப்படைக்கும்போது விருந்தோம்பலையும் சேர்த்து ஒப்படைத்து விடுகின்றோமே, அங்கேதான் பிழை நேர்கின்றது.

எம்முடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் தம் பெற்றோரின் ஐம்பதாம் மணநாளுக்காக அவர்களைப் புதுச்சேரிக்கு அழைத்துச் சென்றார். கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சு மாளிகை ஒன்றில் அமைந்த உணவகம். தந்தையார் உழவர், வள்ளலார் நெறியில் நின்று புலால் மறுத்தவர், நாள்தோறும் நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பவர். அவர் கையில் தடித்த அட்டையிட்ட உணவுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தனர். பிரெஞ்சில் பெயர், ஆங்கிலத்தில் விளக்கம், தமிழில் ஓர் எழுத்தும் இல்லை. அப்பட்டியலில் அப்பெரியவர் படிக்க முடிந்தவை விலைகள் மட்டுமே. எனவே, எல்லாவற்றிலும் குறைந்த விலையுடையதைச் சுட்டிக் காட்டி, "இது போதும்" என்றார். அது வெங்காயச் சாறு. மகனும் பெயரைப் பார்த்து மரக்கறி உணவென்றே எண்ணினார். புலால் வேண்டா என்று அவர்கள் முன்னரே பேசியதைக் கேட்டிருந்த பரிமாறும் இளைஞர் குனிந்து, தாழ்ந்த குரலில், "ஐயா, இது மாட்டெலும்பை வேகவைத்த நீரில் செய்வது. உங்களுக்கு வேண்டா" என்று தமிழில் சொன்னார். பெரியவர் பட்டியலை மூடி வைத்துவிட்டார். தமக்குப் பசியில்லை என்றார். ஐம்பதாம் மணநாளில் அவர் உண்டது இரண்டு துண்டு ரொட்டி.

அந்த இளைஞர் அன்று அங்கில்லாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இது வெறும் மொழிப்பற்றுச் செய்தி அன்று. உண்பவரின் நோன்பும் நலமும் சார்ந்த செய்தி. பிரெஞ்சு வெங்காயச் சாறு மரபாக மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்யப்படுகின்றது. சீசர் சாலட் எனப்படும் பச்சிலைக் கலவையின் மேற்குழம்பில் நெத்திலியினத்து மீன் சேர்வதுண்டு. இத்தாலிய அரிசி உணவாகிய ரிசோட்டோ பெரும்பாலும் கோழிச்சாற்றிலும் பழத்தேறலிலும் வேகின்றது. பார்மசான் என்னும் பாலாடைக்கட்டியை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கின்றனர். இவற்றுள் ஒன்றையும் அவற்றின் பெயர் காட்டிக் கொடுக்காது. நீரிழிவு உடையவர், நிலக்கடலை ஒவ்வாதவர், குருதியழுத்தத்தால் உப்பைக் குறைத்தவர் ஆகிய அனைவர்க்கும் பட்டியல் என்பது காவல். அக்காவல் அவர்க்குத் தெரியாத மொழியில் நின்றால் அது காவலாகுமா?

மெனு என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு நுண்ணியது, விரித்துரைப்பது என்பது பொருள். விரித்துரைப்பதற்கென்றே பிறந்த ஒன்று, நம் ஊரில் மறைத்துரைப்பதாய் மாறியிருக்கின்றது!

புதுச்சேரியின் தெருக்களில் நடந்து பாருங்கள். தெருப்பெயர்ப் பலகைகளில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்தே நிற்கின்றன. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1-ஆம் நாள் அவ்வூரை விட்டு நீங்கிற்று. 1965-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் அங்குத் தமிழை ஆட்சிமொழியாக்கிற்று. பாவேந்தர் பாரதிதாசன் 1891-இல் பிறந்த மண் அது. அத்தகைய ஊரில் சுவருக்கு வெளியே இருக்கும் தமிழ், சுவருக்கு உள்ளே உணவு மேசைக்கு வர இயலவில்லை. புதுச்சேரியை மட்டும் சொல்வானேன்? சென்னையிலும் கோவையிலும் உதகையிலும் உயர்நிலை உணவகங்களில் யாம் கண்டது இதுவே.

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. இத்தகைய பட்டியல்கள் பலவற்றில் 'மல்லிகட்டானி' என்று ஒரு சாறு இருக்கும். அது வேறொன்றுமன்று, நம் மிளகுத்தண்ணீரே! சென்னையில் வாழ்ந்த ஆங்கிலேயர் நாவில் சிதைந்து, கடல் கடந்து, கோழித்துண்டும் பருப்பும் சேர்ந்து, மீண்டும் நம் மேசைக்கே உயர்ந்த விலையுடன் வந்துள்ளது. 'கறி' என்னும் நம் சொல்லும் அவ்வாறே உலகெலாம் சுற்றுகின்றது. தன் பாட்டி வைத்த மிளகுத்தண்ணீரைத் தமிழன் அடையாளம் காணவியலாதபடி ஆங்கிலத்தில் எழுதி, அவனுக்கே விற்கின்றனர்.

அயலுணவுக்குத் தமிழில் பெயர் ஏது என்று கேட்பார் உளர். இவர்கள் நம் உழவரிடமும் சமையற்காரரிடமும் பாடம் கேட்கட்டும். மிளகாய், உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மரவள்ளிக்கிழங்கு ஆகியவை அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர் வழியாகக் கடந்த சில நூற்றாண்டுகளில் இங்கு வந்தவை. புலவர் குழு எதுவும் கூடி அவற்றுக்குப் பெயரிடவில்லை. மிளகு போல் உறைக்கும் காயை மிளகாய் என்றும், உருண்ட கிழங்கை உருளைக்கிழங்கு என்றும், நிலத்தடியில் காய்க்கும் கடலையை நிலக்கடலை என்றும் கண்டவாறே மக்கள் அழைத்தனர். அன்னாசியும் பப்பாளியும் தம் பெயரோடு வந்து, தமிழ் ஒலிக்கு இசைந்து நின்றன. எழுத்தறியா மக்கள் செய்த இவ்வேலையை, பட்டம் பெற்ற உணவக மேலாளர்கள் செய்யவியலாது என்பது சோம்பல். அன்றேல் தமிழ் தாழ்ந்தது என்னும் எண்ணம்.

பிற நாட்டார் இவ்வாறு இருக்கவில்லை. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1977-இல் இயற்றப்பட்ட பிரெஞ்சு மொழிச் சட்டம், உணவுப் பட்டியலும் தேறற் பட்டியலும் பிரெஞ்சில் இருத்தல் வேண்டும் என்று பெயர் குறித்தே சொல்கின்றது. பிற மொழியும் உடன் இருக்கலாம். ஆனால் பிரெஞ்சை விட மேலோங்கி இருத்தல் கூடாது. பிரான்சு நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் விற்கும் பொருள்களின் விளக்கம் பிரெஞ்சில் இருக்கக் கட்டளையிடுகின்றது.

ஆயினும், கியூபெக்கிலிருந்து நாம் கற்க வேண்டிய மற்றொரு பாடமும் உண்டு. 2013-இல் மாண்ட்ரியால் நகரின் இத்தாலிய உணவகம் ஒன்றில் 'பாசுத்தா' முதலிய இத்தாலியச் சொற்கள் பட்டியலில் இருந்ததற்காக மொழி அலுவலகம் மடல் விடுத்தது. உலகமே நகைத்தது. அவ்வலுவலகத்தின் தலைவரே பதவி விலக நேர்ந்தது. நம் அன்பர்களும் இதனை உள்ளத்தில் கொள்க. ஓர் உணவின் பெயர் அதன் ஊர்ப்பெயர் போன்றது. அது தமிழ் எழுத்தில் அப்படியே நிற்கட்டும். அதன் கீழே, அதில் என்ன இருக்கின்றது, எதில் வெந்தது, எவ்வளவு உறைப்பு என்பவற்றை எளிய தமிழில் இரண்டு வரியில் சொன்னாற் போதும். சமையற்காரர்க்கும் விளங்காத புதுச்சொல்லைப் பட்டியலில் திணித்தால், ஆங்கிலத்தைக் கண்டு விழித்த பெரியவர் தமிழைக் கண்டும் விழிப்பார். நமக்கு வேண்டுவது அவர் விளங்கி உண்பதே.

இங்குள்ள ஒன்றிய அரசின் போக்கையும் நோக்குங்கள். விருந்து முடிந்ததும் கேளாமலே சேர்க்கும் பணிக்கட்டணத்தைத் தடுக்க, நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 சூலையில் நெறிமுறை வகுத்தது. 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் அது செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நன்று. ஆனால் அடைக்கப்பட்ட உணவுப் பொருள்களின் மேலொட்டுக்கு 2020-இல் வகுத்த விதியோ, செய்திகள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருத்தல் வேண்டும் என்கின்றது. தமிழ், விரும்பினால் கூடுதலாகச் சேர்த்துக் கொள்ளத்தக்க மொழி! நம் பணப்பையைக் காக்க வழி செய்தவர்கள், நாம் உண்பதை நம் மொழியில் அறியும் உரிமையைக் கட்டாயமாக்கவில்லை. எனவே அதனைக் கேட்டுப் பெறும் கடமை விருந்தளிப்பவனைச் சார்கின்றது.

அதற்கு வழி எளிது. சிறப்பு நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே உணவகத்துடன் தொலைப்பேசியில் பேசுங்கள். பேசுவது தமிழிலேயே இருக்கட்டும். எத்தனை பேர், அவர்தம் அகவை என்ன, எவர்க்கு எது ஆகாது என்று சொல்லுங்கள். மரக்கறிக்குத் தனிக் கலம் உண்டா, சாறு எதில் செய்யப்படுகின்றது என்று கேளுங்கள். வரியையும் கேட்டறியுங்கள்: நாளொன்றுக்கு 7,500 உருபாவுக்கு மேல் அறைக்கட்டணம் பெறும் விடுதிகளைச் சேர்ந்த உணவகங்களில் சரக்கு, சேவை வரி 18 விழுக்காடு, ஏனைய உணவகங்களில் 5 விழுக்காடு. பத்துப் பேர் உண்ணும் விருந்தில் அவ்வேறுபாடு சிறிதன்று.

பின்னர், அன்றைய உணவுகளை முன்கூட்டியே தேர்ந்து முடிவு செய்து, அவற்றை ஒரு தாளில் தமிழில் அச்சிட்டு ஒவ்வோர் இருக்கையிலும் வைக்குமாறு கேளுங்கள். பிறந்தநாள் அப்பத்தின் மேல் பெயரெழுதித் தரும் உணவகத்தார்க்கு, ஒரு தாள் அச்சிடுவது மலையைப் பெயர்ப்பதன்று. இயலாது என்றால், நீங்களே எழுதிக் கொண்டு செல்லுங்கள். அதற்கும் முகம் சுளித்தால், வேறிடம் பாருங்கள். காரைக்குடிப் பக்கம் பழைய நகரத்தார் மாளிகைகள் விடுதிகளாகியுள்ளன. அங்கு வாழையிலை விருந்து கிடைக்கும். உங்கள் தந்தை பட்டியலின்றியே அறிந்துண்ணும் உணவு அது.

பரிமாறும் இளைஞரையும் மறவாதீர். அவர் பெரும்பாலும் நம் பிள்ளை. மேலாளர்க்கு அஞ்சி ஆங்கிலத்தில் பேசுகின்றார். நீங்கள் தமிழில் பேசினால் அவர்க்கும் நா விடுபடும். புறப்படும்போது, தமிழ்ப் பட்டியல் இல்லாமை ஒரு குறை என்று அவ்வுணவகத்தின் கருத்தேட்டில் தமிழிலேயே எழுதுங்கள். ஒருவர் எழுதினால் கிழித்தெறிவர். நூறு பேர் எழுதினால் அச்சடிப்பர். வணிகன் வாங்குபவனின் மொழிக்கு வருவான். வாங்குபவன் வாய்திறக்க வேண்டும்.

பெருந்தொகை செலவிட்டு, பூக்கள் அடுக்கிய மேசையில் பெற்றோரை அமர்த்தி, அவர்கள் கையில் படிக்கவியலா ஏட்டைத் திணிப்பது விருந்தன்று. அவர்கள் உண்பதை அவர்களே அறிந்து, விரும்பியதை விரலால் அன்றி வாயால் சொல்லிக் கேட்கும்படிச் செய்யுங்கள். அடுத்த விடுமுறைக்கு இடம் பதிவு செய்யுமுன் நீங்கள் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே: "உங்களிடம் தமிழில் பட்டியல் உண்டா?"