சமானத்தின் எல்லை

ஓமின் விதிக்கு அடங்கிய மின்கலங்களும் தடைகளும் எத்தனை சிக்கலாகப் பின்னிக் கிடந்தாலும், அவற்றிலிருந்து வெளியே நீளும் இரண்டு முனைகளை மட்டும் நோக்குகிறவனுக்கு, அச்சிக்கல் முழுவதும் ஒரேயொரு மின்னழுத்த மூலமும் அதனோடு தொடராக இணைந்த ஒரேயொரு தடையுமாகவே தோற்றமளிக்கும் என்னும் தேற்றத்தை, தெவனின் என்ற பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளரின் பெயரால் நம் மாணவர்கள் மனனம் செய்கிறார்கள். அவர் அதை வெளியிட்டது 1883-இல். ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1853-இல், பிராணிகளின் தசையில் தோன்றும் மின்சாரத்தை ஆராய்ந்த கட்டுரையில், இதே உண்மையை எழுதிவைத்துவிட்டார்.

புகழை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது என்ற வழக்கில் எனக்குச் சிரத்தை இல்லை. எந்த மூலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிரித்தறிய இயலாத ஒரு தசையின்மேல், இரண்டிடங்களில் கம்பியைத் தொட்டு அளந்ததைக் கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்னும் பிரச்சினையில்தான் இத்தேற்றத்தின் ஜீவன் இருக்கிறது. நாமோ, உள்ளிருப்பது அனைத்தையும் படமாக வரைந்து எண்ணும் இட்டுக் கொடுத்துவிட்டு, அதைச் சுருக்கிக் காட்டும்படி வினாத்தாளில் கேட்கிறோம். விடை வந்ததும் மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது.

12 வோல்ட் மின்கலம் ஒன்று, அதனோடு தொடராக 6 ஓம் தடையும் 3 ஓம் தடையும். 3 ஓம் தடையின் இரு முனைகளிலிருந்து கம்பிகள் வெளியே வருகின்றன என்று கொள்வோம். ஒன்றும் இணைக்காதபோது அம்முனைகளில் இருப்பது 4 வோல்ட். கலத்தை நீக்கி அதன் இடத்தில் வெறுங்கம்பியை வைத்து நோக்கினால் தெரியும் தடை 2 ஓம். ஆகவே சமான மின்சுற்று 4 வோல்ட்டும் 2 ஓமும். (இதையே 2 ஆம்பியர் மின்னோட்ட மூலமும் அதற்கு இணையாக 2 ஓமும் என்று கூறலாம் என்பதை 1926-இல் அமெரிக்காவில் நார்ட்டனும் ஜெர்மனியில் மாயரும் தனித்தனியே எழுதினார்கள்.) வெளியே 2 ஓம் சுமையை இணைத்தால் அசலிலும் சமானத்திலும் 1 ஆம்பியரே ஓடும்.

இந்த இடத்தில் ஆசிரியர் நிறுத்திவிடுவது தவறு என்பதே என் கட்சி. சுமையை எடுத்துவிட்டால் சமானத்தில் எதுவும் ஓடுவதில்லை, எதுவும் சூடாவதில்லை. அசலிலோ 16 வாட் இடைவிடாது வெப்பமாகிக்கொண்டிருக்கிறது. 2 ஓம் சுமையை மீண்டும் இணைத்து, பயன் எத்தனை சதவீதம் என்று வினவினால், சமானத்தைப் பார்த்த மாணவன், 4 வாட்டில் 2 வாட் சுமைக்குப் போவதால் ஐம்பது என்று தயக்கமின்றி எழுதுவான். மெய்யான மின்கலம் தருவதோ 20 வாட், ஆதலால் விடை பத்து. சமானம் என்பது முனைகளுக்கு வெளிப்புறத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்ற நிபந்தனை பாடத்தில் ஒரு வரியாக இருக்கலாம். பரீட்சையில் கேட்கப்படாத வரியை யார் நினைவில் வைப்பார்கள்? ஆகவே, தெவனின் கணக்கு ஒவ்வொன்றின் கீழும், அசல் மின்சுற்றுக்குள் வீணாகும் வாட் எவ்வளவு என்ற கேள்வியையும் சேர்த்து, அதற்கும் பாதி மதிப்பெண் ஒதுக்க வேண்டும்.