ஞாயிறு பாடசாலைக்குத் தலைவர் யார்?

பாடசாலையொன்று சிறப்பதும் சீரழிவதும் கட்டடத்தினால் அன்று. அதனை நடத்துபவரினாலேயே ஆகும். இதற்குச் சான்று தேடி மேல்நாட்டு நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நல்லூர் ஆறுமுக நாவலர் செய்தவற்றை நோக்கினாலே போதும்.

நாவலர் யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்தவர். பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிலும் ஈடுபட்டவர். மிஷனரிமாரின் மதத்தை மறுத்தாரேயன்றி, அவர்களது பாடசாலை முறையை அவர் மறுக்கவில்லை. வகுப்புக்கேற்ற பாடம், அச்சிட்ட புத்தகம், வினாவிடை முறை ஆகியவற்றின் வலிமையை உள்ளிருந்தே கண்டவர். பிள்ளைகளின் கையில் புத்தகம் இல்லை என்பதே நோய் என்று அறிந்து, பாடசாலை தொடங்கிய மறு ஆண்டே, 1849இல், அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்றார். பாலபாடங்களை எளிய உரைநடையில் எழுதினார். சைவ வினாவிடையையும் ஆக்கினார். தொடக்கத்தில் அவரும் நண்பர்களும் ஊதியமின்றியே கற்பித்தனர். பிடியரிசி சேர்த்துப் பாடசாலை நடத்தியதும் உண்டு. எல்லாம் வெற்றியாகவும் முடியவில்லை. பின்னர் அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பொருளின்றிச் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. எனினும் வித்தியாசாலை 1879இல் அவர் மறைந்த பின்னும் நிலைத்தது.

இன்று பிறநாடுகளிலே கோயிற் சங்கங்கள் நடத்தும் ஞாயிறு பாடசாலைகள் பலவற்றில் நடப்பது என்ன? ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாகசபை மாறுகிறது. அத்துடன் பாடசாலைப் பொறுப்பாளரும் மாறுகிறார். புதியவர் புதிய பாடத்திட்டத்துடன் வருகிறார். கலைவிழா ஒத்திகைக்குப் போக மிஞ்சிய வாரங்களிலேயே படிப்பு. பனையைக் கண்டிராத பிள்ளைக்குப் பனையைப் பற்றியே முதற் பாடம். (பனை வேண்டாம் என்பதன்று, தான் ஏறிவரும் பஸ்ஸைப் பற்றி முதலில் இரண்டு வசனம் எழுதட்டும்.) பதினொரு, பன்னிரண்டு வயதில் பிள்ளை நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்று ஒருவரும் வீட்டுக்குச் சென்று கேட்பதில்லை. பெற்றாருக்கு அக்கறையில்லை என்று ஆண்டறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். நோயாளியைப் பாராமலே எழுதிய மருந்துச்சீட்டு அது.

சம்பளம் பெறாத ஆசிரியரை மேற்பார்வை செய்யலாமோ என்பர் சிலர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு வரும் ஆசிரியைக்கு வேண்டியது அதிகாரியின் மிரட்டல் அன்று. பின்வாங்கில் இருந்து அவர் கற்பிப்பதைப் பார்த்து, பின்னர் தேநீர் அருந்தும்போது, “அந்தக் கடைசிப் பிள்ளை எழுத்தை இன்னும் பிடிக்கவில்லைப் போலிருக்கிறதே” என்று பேச ஒருவர் வேண்டும். அப்படிப் பேசக்கூடியவரே தலைமை ஆசிரியர். வாசலில் நின்று வரவு எடுப்பவர் அல்லர்.

அவரைத் தேர்தலிலிருந்து விலக்கி, ஐந்து ஆண்டுகளுக்கேனும் நியமித்தல் வேண்டும். அதே பாடசாலையிற் படித்து வளர்ந்த இளம்பெண் ஒருத்தியை உதவியாக வைத்துப் பழக்கவும் வேண்டும். பன்னிரண்டு வயதில் ஏன் நின்றுவிடத் தோன்றுகிறது என்பது நிர்வாகசபையிலுள்ள எவரையும் விட அவளுக்கு நன்கு தெரியும். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. சங்க யாப்பில் ஒரு திருத்தம் போதும். அடுத்த பொதுக்கூட்டத்திலேயே அதனைக் கொண்டுவரலாம்.