கணக்கு எங்கே? இணைய ஏலக் கம்பெனிகளைக் கேட்கிறோம்!

"கடை வேண்டாம், வாடகை வேண்டாம், முன்பணம் வேண்டாம். கையில் ஒரு போன் இருந்தால் போதும், உத்திரமேரூரில் உட்கார்ந்தபடியே உலகம் முழுக்க விற்கலாம்!" இப்படிச் சொல்லித்தான் நம் இளைஞர்களை அழைத்தார்கள். டாம்கோவில் கடன் வாங்கியும் தாயின் நகையை அடகு வைத்தும் சரக்கு எடுத்து இணையச் சந்தையில் இறங்கியவர்கள், போட்ட முதலை எடுக்க முடியாமல் வெளியே வருகிறார்கள். வந்தவனைப் பார்த்து ஊர் என்ன சொல்கிறது? "உனக்குச் சாமர்த்தியம் போதாது" என்கிறது. சாமர்த்தியமா போதவில்லை? நியாயம் போதவில்லை என்கிறோம் நாம்!

சகோதரர்களே, ஏலம் மார்க்கம் தடுத்த வியாபாரம் அல்ல. வறுமையோடு வந்த ஓர் அன்ஸாரித் தோழரின் விரிப்பையும் பாத்திரத்தையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே, கூடுதலாகத் தருபவர் யார் என்று கேட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றுக் கொடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. அந்த இரண்டு திர்ஹமும் முழுசாக அந்த ஏழையின் கைக்கே போனது. ஒன்றில் வீட்டுக்கு உணவு, இன்னொன்றில் விறகு வெட்டக் கோடரி. வாங்கும் எண்ணம் இல்லாமல் விலையை ஏற்றிவிடும் 'நஜஷ்' மோசடியைத் தடுத்ததும் இதே மார்க்கம்தான். ஆக நமது சண்டை ஏலத்தோடு அல்ல. ஏலக்கூடத்தைக் கைக்குள் வைத்திருப்பவனோடு!

1995-ல் அமெரிக்காவில் பியர் ஒமித்யார் தொடங்கிய ஈபே, வீட்டிலிருந்த பழைய சாமான்களை விற்ற சாதாரண மக்களால் வளர்ந்தது. வளர்ந்த பிறகு என்ன செய்தது? வாங்குபவர் விற்பவரைப் பற்றிக் குறை எழுதலாம். விற்பவர் வாங்குபவரைப் பற்றி எழுதக்கூடாது என்று 2008-ல் விதி போட்டது. ஏலத்தில் எடுத்துவிட்டுப் பணம் கட்டாமல் ஏமாற்றியவனைப் பற்றி அடுத்த வியாபாரியை எச்சரிக்கவும் வழியில்லை! அந்த பிப்ரவரியில் சிறு விற்பனையாளர்கள் ஒரு வாரம் சரக்கு ஏற்றாமல் புறக்கணித்துப் பார்த்தார்கள். விதி மாறவில்லை.

நம் நாட்டில் நடந்தது இதைவிட வேடிக்கை. 2000-ல் தொடங்கிய பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தை 2004-ல் ஈபே சுமார் 5 கோடி டாலருக்கு வாங்கியது. 2017-ல் அதை ஃபிளிப்கார்ட்டிடம் ஒப்படைத்தது. 2018 ஆகஸ்ட் 14-ல் கடை மூடப்பட்டது. சிறு வியாபாரிகள் ஆண்டுக்கணக்கில் சேர்த்த நட்சத்திரங்களும் நற்சான்றுகளும் அதோடு போயின. உத்திரமேரூர் கடைவீதியில் ஒருவர் கடையை அடுத்த தெருவுக்கு மாற்றினால், வாடிக்கையாளர் விசாரித்துத் தேடி வருவார். இங்கே வாடிக்கையாளர் கம்பெனியின் சொத்து. அதே 2018-ல் ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்கியது. பெயர் சேர்த்தவன் சிறியவன். விலை பேசி விற்றவன் முதலாளி!

இன்று ஏலம் தேய்ந்து, விலை குறித்து விற்கும் தளங்களே பெருகிவிட்டன. கதை மாறவில்லை. ஒரு பேச்சுக்கு, நீங்கள் 500 ரூபாய்க்கு ஒரு சேலை விற்றதாக வையுங்கள். தரகு, அனுப்பும் கூலி, விளம்பரம் என்று பிடித்தம் போக மீதி உடனே கைக்கு வராது. பத்து நாள் கழித்துச் சேலை திரும்பி வருகிறது. பிரித்தால் உள்ளே கிழிந்த பழசு! புகார் செய்கிறீர்கள். தீர்ப்புச் சொல்வது யார்? கம்பெனி. உங்கள் பணத்தைப் பிடித்து வைத்திருப்பது யார்? கம்பெனி. ஒரு நாள் காலையில் உங்கள் கணக்கை முடக்கிவிட்டு, காரணம் கேட்டால் இயந்திரத்தை விட்டுப் பதில் சொல்வதும் அதே கம்பெனிதான்.

போட்டிக்கு நிற்பதும் அவனே! அமேசானின் உள் ஆவணங்களை வைத்து ராய்ட்டர்ஸ் 2021 பிப்ரவரியில் வெளியிட்ட செய்தியைப் பாருங்கள். இந்தியத் தளத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட விற்பனையாளர்கள். 2019 தொடக்கத்தில் விற்பனையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுமார் 35 பேரிடம்! அந்த 35-ல் இரண்டு நிறுவனங்களில் அமேசானுக்கே மறைமுகப் பங்கு இருந்தது. மீதி லட்சக்கணக்கானவர்கள் எதற்கு? விளம்பரத்தில் சிரிப்பதற்கா?

நம் பகுதி விவசாயிக்கு ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் தெரியும். மறைமுக ஏலத்தில் வியாபாரிகள் விலை எழுதுவார்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் மூட்டையைத் திருப்பிக்கொண்டு போகலாம். இந்த முறைக்கு வித்திட்டது 1933-ன் சென்னை வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டம். தரகர்களின் எடை மோசடியிலிருந்தும் கண்டபடி பிடித்தங்களிலிருந்தும் விற்பவனைக் காக்க வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே சட்டம் வந்தது. சுதந்திர நாட்டின் இணையத் தரகனுக்கு ஏன் இல்லை? 2020-ல் வந்த மின்வணிக விதிகள் நுகர்வோரைக் காக்க வந்தவை, அது நல்லதுதான். விற்பவன் பிடித்து வைத்த தன் பணத்தைக் கேட்க அதில் வழி எங்கே?

புதிய நாடாளுமன்றத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது பிரதமர் நம் உத்திரமேரூர் கல்வெட்டைப் புகழ்ந்தார். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. (அந்தச் சபை எல்லோருக்குமான சபை அல்ல, நிலமும் வேதமும் உடையவர்களின் சபை. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை.) ஆனாலும் அதில் ஒரு விதி உண்டு. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினர்களும் மறுபடி வாரியத்துக்கு வரமுடியாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இந்த ஊர் கணக்குக் கேட்டது! கல்வெட்டைப் புகழ்ந்தவர்கள் கம்பெனிகளிடம் கணக்குக் கேட்பார்களா?

மத்திய அரசைக் காட்டி மாநில அரசு ஒதுங்கவும் வேண்டாம். சந்தைகள் என்பது அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 28-வது இனம். கணக்கை முடக்கினால் எழுத்தில் காரணம், பிடித்து வைத்த பணத்துக்குக் கெடு, கம்பெனிக்கு வெளியே மேல்முறையீட்டு அதிகாரி. இவற்றுக்குத் தமிழக அரசு சட்டம் கொண்டு வரட்டும். அதிகாரம் இல்லை என்று டெல்லி சொன்னால் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு அனுப்பட்டும்.

உத்திரமேரூர் வட்டாரத்தில் இணைய விற்பனையில் பணம் முடங்கியவர்கள், எந்தச் சமுதாயத்தவராக இருந்தாலும், கம்பெனி அனுப்பிய மின்னஞ்சல்களையும் வங்கிக் கணக்கு நகலையும் நம் கிளை நிர்வாகிகளிடம் கொடுங்கள். ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் அருகில் இருப்பார்கள். மனுவோடு மாவட்ட ஆட்சியரைச் சந்திக்கும்போது நம் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.