கல் நம் மண்ணிலே, கைத்தொழில் எங்கே?

பொகவந்தலாவையில் மாணிக்கக்கல் தோண்டியோர் கைதாயினர் என்னும் செய்தி பத்திரிகைகளில் மீண்டும் மீண்டும் வருகின்றது. கெஹெல்கமு ஓயாவின் கரைகள் இரவோடிரவாகக் குடையப்படுகின்றன. கரைந்த மண் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் வந்து படிகின்றது. ஆற்றைக் கெடுப்பது குற்றமே. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆயினும், பிடிபடுகிறவன் யார், அவன் எடுத்த கல் எங்கே போகின்றது, அதனால் வாழ்கிறவன் யார் என்று எவரும் கேட்பதாகக் காணோம்.

தோண்டும் உரிமையைப் பற்றி நாம் இங்கே பேசவரவில்லை. கல் மண்ணைவிட்டு வெளிவந்தபின் நடப்பதே நமது பொருள். ஹட்டன் நகரில் நகைக்கடைகளுக்கும் அடகுக்கடைகளுக்கும் குறைவில்லை. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியாத் தோட்டங்களிலிருந்து வரும் பெண்கள் சீட்டுப்பணத்தில் தோடும் மூக்குத்தியும் வாங்குகின்றனர். பள்ளிக்கூடம் தொடங்கும் மாதத்தில் அவற்றையே அடகு வைக்கின்றனர். அந்தத் தோட்டிற் பதித்திருப்பது பெரும்பாலும் வெள்ளைக் கண்ணாடிக்கல். சில மைல் தொலைவில் ஆற்றுப்பரலுக்குள்ளே நீலம் கிடக்க, மலைநாட்டுப் பெண்ணின் காதிலே கண்ணாடி!

கல்லுக்குப் பட்டை தீட்டுவதை ஏதோ உரைத்துத் தேய்க்கும் வேலையென்று எண்ணுவோர் உளர். இலங்கை நீலக்கல்லில் நிறம் எங்கும் ஒரே சீராகப் பரவியிராது. பல கற்களில் ஒரு மூலையில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். மற்றப் பகுதி நீர்போல் வெளுத்திருக்கும். கல்லை அறிந்த கைவினைஞன் அந்தச் சிறு நீலம் அடிமுனையில் நிற்கும்படி வைத்துச் சாணை பிடிப்பான். மேலிருந்து நோக்குபவனுக்குக் கல் முழுவதுமே நீலமாகத் தோன்றும். நட்சத்திரக்கல்லுக்கோ பட்டையே ஆகாது. ஆறு கதிரும் உச்சியில் வந்து கூடும்படி அதைக் குமிழாக உருட்டவேண்டும். எங்கே வெட்டினால் எடை நிற்கும், எங்கே வெட்டினால் ஒளி நிற்கும் என்பதே இத்தொழிலின் வழக்கு. பருக்கைக் கல்லின் பாதி எடை தூளாகிப் போவது இதிற் சாதாரணம்.

இந்த அறிவு நம்மிடம் குறைந்தபோது என்ன நேர்ந்தது? பால் கலந்தாற்போல் மங்கிய ‘கெவுடா’க் கற்களை ஒருகாலத்தில் இங்கே மதிப்பாரில்லை. 1970களில் தாய்லாந்து வணிகர் அவற்றை அற்ப விலைக்கு வாங்கிச்சென்று உயர்வெப்பத்திற் காய்ச்சினர். மங்கற்கல் நீலக்கல்லாகி உலகச் சந்தைக்குப் போயிற்று. நியூயோர்க் அருங்காட்சியகத்தில் 563 காரட் நிறையுள்ள இலங்கை நட்சத்திர நீலக்கல் ஒன்று இருக்கின்றது. அதன் பெயர் ‘இந்தியாவின் நட்சத்திரம்’. கல்லும் போயிற்று, பேரும் நமக்கில்லை.

கற்களைத் தேடிப் புறப்பட்டுக் கைவினைஞரிடம் வந்துசேர்ந்த தமிழர் ஒருவர் நம்மிடையே இருந்தார். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள அளவைக்குப் பணிப்பாளராயிருந்த ஆனந்த குமாரசுவாமியே அவர். 1908இல் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் பெருநூலில், கண்டி இராச்சியத்துக் கைவினைஞர் தம் பணிக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தமையை அவர் எடுத்துக்காட்டினார். காலூன்ற நிலம் இருந்ததாற் கலை நின்றது. அதே மலைநாட்டில் இன்று தமிழிளைஞன் ஒருவன் தனித்தொழிலாகக் கல்லறுத்து நகைசெய்ய விரும்பினால் அவன் கால் எங்கே ஊன்றும்?

1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையே இத்துறைக்கு அனுமதிப்பத்திரம் வழங்குகின்றது. அதே சட்டம் பிறப்பித்த ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் கொழும்பை அடுத்த கடுவெலையில் இருக்கின்றது. அனுமதிக்கு ஆவணம் வேண்டும். வங்கிக் கடனுக்கு ஈடு வேண்டும். 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்களுள் எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை வழி பிறக்கவில்லை. குடியுரிமை வந்தது, காணி வரவில்லை.

குறை முழுவதையும் அரசினர் தலையிற் சுமத்திவிட்டு நாம் தப்பிவிடவும் முடியாது. யாழ்ப்பாணத்துக் கமக்காரரும் கொழும்பு உத்தியோகத்தரும் கலியாணத்துக்கு நாள்பார்த்துப் பொன்னுருக்குவர். பத்தருக்கு வெற்றிலை வைத்து வணங்கியபின், மிச்ச நகை முழுவதையும் பெருங்கடையில் வாங்குவர். அங்கே சீட்டில் எழுதிய செய்கூலியையும் சேதாரத்தையும் மறுபேச்சின்றிக் கொடுப்பவர், உமியோட்டின்முன் ஊதுகுழலோடு குந்தியிருக்கும் பத்தரிடம் குண்டுமணி எடைக்கும் பேரம் பேசுகின்றனர். வருவாய் இல்லாத தொழிலுக்கு எந்தத் தகப்பன் தன் மகனை அனுப்புவான்?

ஹட்டனில் தமிழ்மொழி மூலம் நிலையான பயிற்சியும், அங்கேயே விண்ணப்பித்து அனுமதிபெறும் வசதியும் வேண்டும். தீட்டிய கல்லைச் சோதித்துச் சான்று தருபவரும் குறித்த நாட்களில் அந்நகருக்கு வரட்டும். தரகன் சொன்னதே விலையென்னும் நிலை அப்போதுதான் மாறும். பட்டறைக்கு வேண்டியது பெரிதன்று: ஒரு சாணைச் சக்கரம், ஒரு குமுட்டி, வெளிச்சம் விழும் ஒரு சன்னல். ஒரு குடும்பமே நெருங்கிக் கிடக்கும் லயத்தறையில் அதற்கும் இடமில்லை. 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்றனரே. அந்தக் காணிகளுக்குரிய உறுதிகள் எத்தனை குடும்பங்களின் கைக்கு வந்துள்ளன என்பதை மலைநாட்டுப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்திற் கேட்டுச் சொல்லட்டும்.